மகளின் பதினொரு வருடம்

என் மகளின் சம்பளத்தை நான் ஒரே நிமிடத்தில் பேசி முடித்துவிட்டேன். அவள் அப்போது உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அது ஒரு சனிக்கிழமை காலை. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவள், முந்தின நாள் டியூட்டி முடிந்த கையோடு இரவு பஸ் ஏறி, விடியும் நேரத்தில் மலைநாட்டில் எங்கள் ஊரான வட்டகொடைக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஒரு கோப்பை பிளேன்டீ குடித்தாள். இரண்டு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது முன் ஜன்னலோரத்தில் மட்டும்தான். யார் வந்தாலும் போனை அந்த ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவார்கள். அவளுடையதும் அங்கேதான் கிடந்தது.

போன் அடித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து பிழைத்ததிலிருந்து எனக்கு அப்படித்தான். குக்கர் விசில், ரயில் சத்தம், வகுப்பில் ஒரு பிள்ளை டெஸ்க் மூடியைப் படாரென்று மூடுவது, எதுவானாலும் கை முதலில் நெஞ்சுக்குப் போகும். மகள் எழுந்துவிடக் கூடாதே என்று நானே போனை எடுத்தேன்.

"மிஸ் இருக்காங்களா?" என்றது ஓர் ஆண் குரல்.

"நான் அவங்க அம்மா பேசுறேன். ராத்திரி பஸ்ல வந்தா, தூங்குறா."

பேசியவர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய டவுனில் புதிதாகத் திறந்திருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மேனேஜர். மூன்று வாரத்துக்கு முன் மகள் அங்கே நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தாள். போகச் சொல்லிப் பிடுங்கி எடுத்தவள் நான்தான்.

"அம்மாவா? நல்லதாப் போச்சு. மகளை எடுக்கிறதுன்னு முடிவாயிருச்சு," என்றவர், மாதச் சம்பளம் இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொன்னார். "ஒண்ணாந் தேதி வந்து சேரலாம். சம்மதம்னா நான் லெட்டர் அடிச்சிருவேன்."

"சம்மதந்தான் சேர். ரொம்ப சந்தோஷம் சேர்."

"அப்ப கன்ஃபர்ம்னு போட்டுறவா?"

"போடுங்க சேர். பெரிய உபகாரம்."

போனை வைத்த பிறகுதான் அந்தக் கடைசிச் சொல் என் காதில் விழுந்தது. என் அப்பா தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொல்லும் சொல் அது. இருபத்தேழு வருடமாக அரசாங்கப் பள்ளியில் படிப்பிக்கிறேன். வாயில் அது அப்படியே இருந்திருக்கிறது.

ஆனால் அதைப் பற்றி வருத்தப்பட அப்போது எனக்கு நேரமில்லை. மகள் வீட்டுக்கு வரப்போகிறாள். கணவர் காலமாகி ஆறு வருடம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். நோய் வந்து போனபின், தலைமாட்டில் மாத்திரைப் போத்தலை வைத்துக்கொண்டு படுப்பவளுக்கு, இன்னொரு ஆள் பக்கத்து அறையில் இருமுகிற சத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் புரியாது.

பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு அது. எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலைக்குக் கிடைக்கும் கூலியை ஒரு பேர் என்பார்கள். சொன்ன நிறைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தால் பேர். குறைந்தால் அரைப் பேர். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த எவரும் எந்தத் தொகையைக் கேட்டாலும் மனதுக்குள் அதைப் பேராக மாற்றித்தான் பார்ப்பார்கள். நகை வாங்கினால் இத்தனை பேர், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினால் இத்தனை பேர். நானும் மேனேஜர் சொன்ன தொகையை இருபத்தைந்து நாளால் வகுத்தேன். ஒரு நாளைக்கு, கொழுந்து பறிக்கும் என் அக்காவின் இரண்டு பேருக்கு மேல் வந்தது. மறுபடியும் வகுத்துப் பார்த்தேன். அதேதான். கொப்பியை மூடிவிட்டு ரொட்டிக்கு மாவு பிசையப் போனேன். பாட்டுக்கூட முணுமுணுத்திருப்பேன்.

மத்தியானம் எழுந்து வந்தாள். ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தேன். இரண்டாவது ரொட்டியைப் பிய்க்கும்போது சொன்னேன்.

"ஆஸ்பத்திரியிலருந்து பேசினாங்க. வேலை கெடச்சிருச்சு."

"எவ்வளவுன்னு சொன்னாங்க?"

சொன்னேன். பிய்த்த ரொட்டி அவள் கையிலேயே இருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க? ரொம்ப சந்தோஷம் சேர்னு சொல்லியிருப்பீங்களே."

"சொன்னேன்."

"உபகாரம்?"

"அதுவும் சொன்னேன்."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் அது நீடிக்கவில்லை. "அம்மா, அது ட்ரெயினிங் முடிச்சு வெளிய வர்ற புள்ளைக்குக் குடுக்கிற சம்பளம்."

"ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கு மேல வருது. நான் வகுத்துப் பார்த்தேன்."

"எத்தனை மணி நேரத்தை ஒரு நாள்னு வச்சீங்க?"

காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுக்கும் வரை ஒரு நாள். அதைத் தவிர வேறு நாள் எனக்குத் தெரியாது.

"அங்க பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ராத்திரி டியூட்டிக்குத் தனியாக் காசு உண்டான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஐசியுல ஒரு நர்ஸ் ரெண்டு நோயாளியப் பார்க்கணுமா, ஆறு பேரப் பார்க்கணுமா?"

"அதெல்லாம் நான் எப்படிக் கேக்கிறது? ஒரு பெரிய மனுஷர்கிட்ட."

"தொகைய மட்டும் வச்சு சம்பளம் நல்லதா இல்லையான்னு சொல்ல முடியாதும்மா. ரெண்டு நோயாளியப் பார்க்கிறதுக்கு அது ஒரு சம்பளம். ஆறு பேரப் பார்க்கிறதுக்கு அது சம்பளமே இல்ல." ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "சரி, அதெல்லாம் இருக்கட்டும். என்னோட பதினொரு வருஷ சர்வீசுக்கு எத்தனை பேர் போட்டீங்க?"

இப்போது யோசித்தால் அது சாதாரணக் கேள்வி. அன்று எனக்கு அது ஏச்சு மாதிரி இருந்தது. நான் போட்ட கணக்கில் அந்தப் பதினொன்றுக்கு இடமே இல்லை. தோட்டத்துப் பேரில் வருடம் வராது. முப்பது வருடம் மலை ஏறியவளுக்கும் மூன்று நாள் ஏறியவளுக்கும் பேர் ஒன்றுதான். அதை நியாயம் என்றோ அநியாயம் என்றோ நான் நினைத்ததில்லை. பனி பெய்வதை யாராவது நியாயமா என்று கேட்பார்களா, அப்படி.

பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். "ஒனக்கு இங்க வர விருப்பமில்லேன்னு நேராச் சொல்லு," என்றேன். "கொழும்புப் பழக்கம். அம்மா தனியாக் கெடந்தா என்ன."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நெஞ்சுக்குப் போயிற்று. தன்னால் போனதா, அவள் பார்க்கட்டும் என்று போனதா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அவள் உடனே எழுந்து வந்தாள். சம்பல் பட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கையை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"நாடி நல்லா இருக்கு. அழணும்னா அழுங்க."

அழுதேன். அவள் மிச்ச ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தாள்.

அந்த நான்கு மாதத்துக்கு முந்தின சங்கதியை இங்கே சொல்லியாக வேண்டும். அன்று பள்ளியிலிருந்து வந்ததிலிருந்து உடம்பு சரியில்லை. நெஞ்சு வலி என்று ஒன்றும் இல்லை. தாடையில் ஒரு கடுப்பு, வயிற்றுப் புரட்டல், கொப்பி திருத்த முடியாத அளவுக்கு அசதி. அந்தக் குளிரிலும் கழுத்து வேர்த்தது. அக்கா வந்திருந்தாள். எனக்கு எட்டு வயது மூத்தவள், கீழே லயத்தில் இருக்கிறாள், இன்னும் கொழுந்துக்குப் போகிறாள். "கேஸ்டிக்தான். மத்தியானம் சாப்பிடாமப் புள்ளைங்களோட கத்திக்கிட்டு நிக்கிறல்ல," என்று ஓம வாட்டர் கலந்து கொடுத்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் மலையில் எல்லா வலிக்கும் முதல் பெயர் கேஸ்டிக்.

மாலை ஆறு மணிக்கு மகள் வழக்கம்போலப் பேசினாள். ஜன்னலோரம் நின்று, சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன்மா நிறுத்தி நிறுத்திப் பேசுறீங்க?"

"படி ஏறி வந்தேன்."

"எப்ப ஏறினீங்க?"

"மூணு மணிக்கு."

அடுத்து வந்த குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டாள். தாடை வலிக்கிறதா, எந்தப் பக்கம், கை எப்படி, வேர்க்கிறதா. ஐந்தாவது கேள்விக்கு முன்னால், "உக்காருங்க. போனை பெரியம்மாகிட்டக் குடுங்க," என்றாள். அக்காவிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. செருப்புப் போடாமல் ரோட்டுக்கு ஓடிப்போய் ஆட்டோவைப் பிடித்து வந்தாள் அக்கா.

அரசாங்க ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் மறுநாள் கட்டிலருகே வந்து சிங்களத்தில் கேட்டார், நேற்று யார் உங்களை உடனே வரச் சொன்னது என்று. பெண்களுக்கு இப்படி வந்தால் பலபேர் வயிற்றுக் கோளாறு என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்களாம். மகள் என்றேன். அவளும் டாக்டரா என்றார். நர்ஸ் என்றேன். எத்தனை வருட சேவை என்று கேட்டார்.

"பதினொன்று," என்றேன். படுத்த இடத்திலேயே நிமிர்ந்திருப்பேன், அவ்வளவு பெருமை.

ஆக, அந்த எண் எனக்குத் தெரியாத எண் இல்லை.

சம்பளப் பேச்சு நடந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அக்கா வந்தாள். மகள் வந்தால் அவளுக்கென்று பொன்னாங்காணிக் கீரையோ, இரண்டு முட்டையோ கொண்டு வருவாள். அன்று கீரை. வீட்டுக்குள் வந்ததும் எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்தாள்.

"என்ன, எழவு வீடு மாதிரி இருக்கு?"

நானே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என் பக்கம்தான் பேசுவாள் என்று நிச்சயமாக நம்பினேன். இரண்டு பேருக்கு மேல் என்பதை இரண்டு தரம் சொன்னேன்.

அக்கா கீரைக்கட்டை அவிழ்த்து முறத்தில் போட்டாள். "டீச்சரம்மா, ஒன்னு கேக்கிறேன். ஒனக்கு வருஷா வருஷம் ஏதோ ஏத்துவாங்களே, அது என்னது?"

"இன்கிரிமென்ட்."

"அது எதுக்குத் தர்றாங்க?"

"சர்வீஸ் கூடுதுல்ல."

"ஒனக்குக் கூடுது. ஒன் புள்ளைக்குக் கூடாதா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"அது அரசாங்க வேலை அக்கா," என்றேன்.

"எந்த வேலையா இருந்தா என்ன? என்னையப் பாரு. முப்பத்திமூணு வருஷமாக் கொழுந்து எடுக்கிறேன். நேத்துப் பதிஞ்ச புள்ளைக்கும் எனக்கும் ஒரே பேரு. சரி, அது போகட்டும். அந்தப் புள்ளைக்கு எது கொழுந்து, எது முத்தின எலைன்னு காட்டிக் குடுக்கிறது யாரு? கங்காணியா? அவரு கீழ நிக்கிறாரு. நான்தான் காட்டணும். என் கூடைய விட்டுட்டு அவ கூடையக் கெளறிக்கிட்டு நிக்கிறேன். எனக்கு நெறை கொறையுது. அரைப் பேர் போட்டுருவேங்கிறாரு." கீரைத் தண்டை நறுக்கென்று ஒடித்தாள். "எனக்குத்தான் கேக்கத் தெரியல. கேக்கத் தெரிஞ்ச புள்ளையோட வாயையும் நீ அடைக்கிற."

முப்பத்துமூன்று வருடத்தில் அக்கா இதை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. மாதம் தவறாமல் என் இன்கிரிமென்ட் சேர்ந்த சம்பளத்தில் அவளுக்கு ஒரு பால்மா பக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மகள் அடுப்படியிலிருந்து, "பெரியம்மா, ஒங்கள யூனியன்ல சேர்க்கணும்," என்றாள்.

"சம்பளத்துல மாசாமாசம் சந்தாப் புடிக்கிறாங்களே, பத்தாதா?"

அன்று மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். கீரை நன்றாக இருந்தது. எனக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை. மகள் மறுநாள் காலை மேனேஜரை நேரில் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். அவள் கேட்டு, அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் அவள் கொழும்புக்குப் போய்விடுவாள். நியாயம் அவள் பக்கம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் கேட்காமலே இருந்துவிட மாட்டாளா என்றும் இருந்தது. இரண்டும் ஒரே மனசில்தான் கிடந்தன.

திங்கட்கிழமை நானும் லீவு போட்டுவிட்டு அவளோடு ரயில் ஏறினேன். வேண்டாம் என்றாள். "சம்மதம்னு சொன்னது நான். இல்லேன்னும் நான்தான் சொல்லணும்," என்றேன்.

மேனேஜர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பிளேன்டீ வரவழைத்தார். மகள் விஷயத்தைத் தொடங்கியதும் என்னைப் பார்த்தார்.

"அம்மா ஒத்துக்கிட்டாங்களே."

கைப்பைக்குள் மாத்திரைப் போத்தலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "அது என் தப்பு சேர்," என்றேன். "அவ வேலை எனக்குத் தெரியாது. தெரியாத வேலைக்கு நான் விலை சொல்லிட்டேன்."

அவர் சங்கடப்பட்டார். மகள் தன் சேவைக் கடிதங்களை வரிசையாக மேசையில் வைத்தாள். முதல் நான்கு வருடம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பொது வார்டு. மிச்ச ஏழும் இப்போதைய இடத்தில், ஐசியுவில். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா எங்க ஆஸ்பத்திரில நாங்க எங்களோட சர்வீஸத்தான் எண்ணுவோம். எல்லாருக்கும் ஆரம்பம் ஒன்னுதான்."

"சரி சேர்," என்றாள் மகள். "அப்ப நானும் புதுப் புள்ளைங்களோட ஆறு மாசம் ட்ரெயினிங்ல இருக்கிறேன். அவங்க செய்ற வேலைய மட்டும் செய்றேன்."

"இல்ல இல்ல," என்று அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "ஒங்கள ஐசியு பொறுப்புக்குத்தான் எடுக்கிறோம். நாலு புதுப் பிள்ளைங்க வர்றாங்க, அவங்களப் பழக்கணும். அனுபவம் உள்ள ஆள் இல்லாம அதத் திறக்க முடியாது."

"அப்ப பதினொரு வருஷத்த எண்ணிட்டீங்கதானே சேர்? வேலைக்கு எண்ணிட்டீங்க. சம்பளத்துக்கு மட்டும் எண்ணல."

குரலை உயர்த்தவில்லை. எனக்குத் தாடை வலிக்கிறதா என்று கேட்டாளே, அதே குரல். மேனேஜர் சிரிக்கப் பார்த்து, பிறகு பேனாவை மூடினார். எனக்கு அக்கா முத்தின இலையைக் காட்டிக்கொண்டு மலையில் நிற்பது போல இருந்தது.

தன்னால் முடிவெடுக்க முடியாது, மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார் அவர். ஒரு தாதிக்கு எத்தனை நோயாளி, இரவுக்குத் தனிக்கொடுப்பனவு, எல்லாவற்றையும் அவள் கேட்டு எழுதித் தரச் சொன்னாள். கடைசியில் நன்றி சொன்னாள். உபகாரம் என்று சொல்லவில்லை.

திரும்பி வரும் ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷனில் நான்கு உளுந்து வடை வாங்கினோம். வேலை கையில் இல்லை. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் வடையைத் தின்றுகொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை. ரயில் புறப்பட்ட ஐந்து நிமிடத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவது அவர்கள் தொழிலில் வரும் பழக்கம் போலிருக்கிறது. மடியில் கிடந்த அவள் கைகளைப் பார்த்தேன். விரல் மடிப்புகளில் தோல் வெடித்திருந்தது. கிருமிநாசினி போட்டுப் போட்டுக் கழுவும் கை. அக்காவின் விரல்களிலும் வெடிப்பு உண்டு. அவளுடையது தேயிலைக் கறையில் கறுத்திருக்கும், இது வெளிறிப்போய் இருந்தது.

அன்றிரவே அவள் கொழும்புக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால் டியூட்டிக்கு நேரமாச்சு என்று போனை வைப்பவள், இந்தப் பேச்சை எடுத்தாலும் அதையே சொன்னாள். அக்கா தினமும் மாலையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து, "பேசினாங்களா?" என்று கேட்பாள். இல்லை என்றால், "பேசாட்டிப் போறாங்க," என்பாள். ஆனால் மறுநாளும் வருவாள்.

பதின்மூன்றாம் நாள் மகள் பேசினாள். ஐசியுவில் இருந்த ஏழு வருடத்தை மட்டும் எண்ணுவார்களாம். பொது வார்டு நான்கு வருடம் சேராதாம். இரவுக் கொடுப்பனவு தனி. பொறுப்புக்கும் கொஞ்சம் தனி. எல்லாம் கடிதத்தில் வந்துவிட்டது. இப்போது கொழும்பில் வாங்குவதைவிடச் சற்றுக் குறைவுதான், ஆனால் அங்கே அறை வாடகையும் சாப்பாடும் போகிறது.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

ஒரு நிமிடத்தில் சம்மதம் சொன்னவள் நான். இப்போதும் அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"ராத்திரில ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். யாரையோ கூப்பிட்டு, "எங்கம்மா கேக்கிறதப் பாருங்கடி," என்று சொல்வது கேட்டது.

"ரெண்டும்மா. கடிதத்துல இருக்கு."

"அப்ப நீதான் சொல்லணும்," என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அது எளிதாக வந்துவிட்ட வார்த்தை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இரண்டு நாள் எடுத்துக்கொண்டுதான் சரி என்றாள்.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். ஐந்து மாதமாகிறது. அந்தச் சம்பளம் நியாயமானதா என்று யாராவது கேட்டால் எனக்கு முழுதாக ஆமாம் என்று சொல்லத் தெரியாது. பொது வார்டில் இரவும் பகலும் நின்ற நான்கு வருடம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. மகள் அதை இப்போதைக்கு விட்டுவிட்டாள். ஒரு வருடம் கழிந்ததும் மறுபடி கேட்கப்போவதாக மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். விடாதவள் அக்காதான். வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அந்த நாலு வருஷம் எங்க போச்சு?" என்று கேட்கிறாள், ஏதோ மேனேஜர் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருப்பது போல.

நான் இன்னும் போன் அடித்தால் திடுக்கிடுகிறேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இரவு டியூட்டி முடிந்து அவள் வரும் நேரமும் நான் பள்ளிக்குப் புறப்படும் நேரமும் ஒன்று. வாசலில் சப்பாத்தைக் கழற்றுமுன் என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. கடிகாரத்தைப் பார்க்கிறாள், என் முகத்தைப் பார்க்கிறாள், கையை விடுகிறாள். போன வாரம் ஒரு நாள் அக்கா பெரட்டுக்குப் போகும் வழியில் படலையருகே நின்று இதைப் பார்த்தாள்.

"இப்பத் தெரியுது," என்றாள் தலைத்துணியை இறுக்கிக்கொண்டே. "அந்த நாலு வருஷத்த இங்கதான் கொட்டுறா."

"பெரியம்மா, மூச்சு வாங்குதே ஒங்களுக்கு. இந்தப் பக்கம் வாங்க, கையக் குடுங்க," என்றாள் மகள்.

"போடி. எனக்கு நெறை கொறைஞ்சிரும்," என்று அக்கா சொன்னாள். ஆனால் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து கையை நீட்டினாள்.

கீழே ரோட்டில் என் பஸ் ஹார்ன் அடித்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன்.

"ஓடாதீங்க," என்றாள் மகள், அக்காவின் மணிக்கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் ஓடவில்லை. பஸ் நின்றது.